மெக்கானிக் போக முடியாத ஃப்ரிட்ஜ்: செயற்கைக்கோள் கூலர்களின் ஆயுளை எப்படிச் சோதிக்கிறார்கள்?

மயிலாப்பூரிலோ தி.நகரிலோ ஏதாவது ஒரு ஸ்கேன் சென்டரில், எம்ஆர்ஐ அறைக்கு வெளியே காத்திருந்தவர்களுக்கு அந்தச் சத்தம் தெரிந்திருக்கும். உள்ளே யாருக்கும் ஸ்கேன் நடக்காதபோதும் ‘கீச்... கீச்... கீச்...’ என்று தாளம் தப்பாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். பலர் அதை ஸ்கேன் சத்தம் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது ஒரு ஃப்ரிட்ஜின் சத்தம். எம்ஆர்ஐ காந்தத்தைச் சுற்றியுள்ள திரவ ஹீலியம் ஆவியாகிப் போய்விடாமல், மைனஸ் 269 டிகிரி செல்சியஸ் குளிரிலேயே பிடித்துவைக்கும் ‘கிரையோகூலர்’ அது. ராத்திரி சென்டரைப் பூட்டிய பிறகும் ஓடும். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை கம்பெனி இன்ஜினீயர் வந்து ‘கோல்ட் ஹெட்’ பாகத்தைக் கழற்றி மாற்றுவார், கம்ப்ரஸரின் எண்ணெய் வடிகட்டியை மாற்றுவார். பில் கொஞ்சம் பலமாகத்தான் வரும். ஆனால், வேலை முடிந்துவிடும்.

இதே மாதிரி ஒரு கூலரை, கையடக்கமாகச் சுருக்கி, செயற்கைக்கோளில் பொருத்தி, தரையிலிருந்து 761 கிலோமீட்டர் உயரத்துக்கு அனுப்பினால்? இன்ஜினீயரும் கிடையாது, மாற்று பாகமும் கிடையாது. ஐந்து ஆண்டு இடைவிடாமல் ஓட வேண்டும். அது ஓடும் என்று ஏவுவதற்கு முன்பே எப்படிச் சொல்ல முடியும்?

இப்போது எதற்கு இந்தப் பேச்சு?

இஸ்ரோவும் பிரான்ஸ் விண்வெளி நிறுவனமான சிஎன்இஎஸ்-ஸும் சேர்ந்து ‘திரிஷ்னா’ என்ற செயற்கைக்கோளைத் தயாரித்து வருகின்றன. நிலப்பரப்பின் வெப்பத்தை 57 மீட்டர் துல்லியத்தில் அளப்பது இதன் வேலை. பயிர்களுக்குத் தண்ணீர் போதுகிறதா, நகரங்களில் எந்தத் தெரு எவ்வளவு சூடாகிறது என்பதெல்லாம் இதன் இலக்குகள். மூன்று நாளுக்கு ஒரு முறை, உள்ளூர் நேரப்படி மதியம் 12.30 மணி வாக்கில் தலைக்கு மேலே வரும்படி இதன் பாதை திட்டமிடப்பட்டுள்ளது. மே மாதத்தில் அந்த நேரத்துக்குப் பாண்டி பஜார் நடைபாதையில் நின்றவர்களுக்கு, ஏன் அந்த நேரம் என்று விளக்கத் தேவையில்லை.

57 மீட்டர் என்றால் எவ்வளவு? மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் தெப்பக்குளம் ஏறத்தாழ 190 மீட்டர் நீளம், 143 மீட்டர் அகலம். திரிஷ்னாவின் படத்தில் அது சுமார் எட்டுக் கட்டங்களாகத் தெரியும். குளம் எவ்வளவு குளிர்ச்சி, அதைச் சுற்றியுள்ள மாட வீதிகள் எவ்வளவு சூடு என்று பிரித்துச் சொல்லலாம். நம் இன்சாட்-3டிஎஸ் வானிலை செயற்கைக்கோளின் வெப்பப் படத்தில் ஒரு கட்டம் 4 கிலோமீட்டர். மயிலாப்பூர், தி.நகர், அடையாறு மூன்றும் இரண்டு மூன்று கட்டங்களுக்குள் அடங்கிப்போகும். புயல் மேகத்தைப் பார்க்க அது போதும். தெருவைப் பார்க்கப் போதாது.

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதன் பிறகு, ‘எந்த வார்டில் சூடு அதிகம், எங்கே மரம் வைக்க வேண்டும்’ என்ற கேள்விக்கு ஒரு நிர்வாக முக்கியத்துவம் வந்துவிட்டது. இந்தக் கேள்விக்கு ஒரு கோடைக்காலத்துப் படம் பதில் சொல்லாது. மரம் வைப்பதற்கு முன் இரண்டு மூன்று மே மாதம், வைத்த பிறகு இரண்டு மூன்று மே மாதம், ஒரே கண்ணால் பார்த்தாக வேண்டும். அந்தக் கண்ணின் ஆயுள்தான் கூலரின் ஆயுள்.

அது மகேந்திரகிரி கிரையோஜெனிக் இல்லையா?

‘கிரையோஜெனிக்’ என்றதும் நமக்கு நெல்லை மாவட்டம் மகேந்திரகிரியும் ராக்கெட் இன்ஜினும்தான் ஞாபகத்துக்கு வரும். அங்கே திரவ ஹைட்ரஜனையும் திரவ ஆக்சிஜனையும் எரித்து ராக்கெட்டைத் தள்ளுகிறார்கள். அந்த இன்ஜின் சில நிமிடங்கள் எரிந்தால் போதும், கடமை முடிந்தது. இங்கே பேசுவது அந்த ராக்கெட் ஏற்றிச்செல்லும் செயற்கைக்கோளுக்குள், கேமராவின் சென்சாரை ஆண்டுக்கணக்கில் குளிர வைக்கும் குட்டி இயந்திரத்தைப் பற்றி. இரண்டுக்கும் குளிர் மட்டும்தான் பொது.

சென்சாரை ஏன் குளிர வைக்கணும்? சூடான பொருள் எல்லாமே கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை வெளியிடுகிறது. தார் ரோடு வெளியிடுகிறது, மொட்டைமாடி வெளியிடுகிறது. சிக்கல் என்னவென்றால், அதைப் பார்க்கிற கேமராவும் வெளியிடுகிறது. சென்சாருக்குள்ளேயே வெப்பத்தால் எலெக்ட்ரான்கள் துள்ளிக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து வரும் சமிக்ஞை அதில் அமுங்கிவிடும். தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு ரங்கநாதன் தெருவில் நின்றுகொண்டு போனில் யாரோ மெல்லப் பேசுவதைக் கேட்க முயன்றிருந்தால் இந்த நிலைமை புரியும். சென்சாரை மைனஸ் 200 டிகிரி வாக்கில் குளிர வைத்தால் அந்த உள் இரைச்சல் அடங்கிவிடும். திரிஷ்னாவின் வெப்ப சென்சார் 60 கெல்வினில், அதாவது மைனஸ் 213 டிகிரியில் வைக்கப்படும்.

இயந்திரம் இல்லாமல் முடியாதா?

முடியும், ஓரளவுக்கு. இன்சாட்-3டி வரிசை செயற்கைக்கோள்களில் கூலர் மோட்டார் எதுவும் கிடையாது. இருண்ட விண்வெளியைப் பார்த்தபடி ஒரு தட்டு இருக்கும். சென்சாரின் வெப்பம் அது வழியாக வெளியே போய்விடும். ஓடும் பாகம் இல்லாததால் தேயவும் எதுவும் இல்லை. தட்டின் மேல் வெயில் படக் கூடாது என்பதற்காக ஆண்டுக்கு இரண்டு முறை செயற்கைக்கோளையே திருப்பி வைக்கிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நாம் போனில் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்த மேகப் படங்கள் இப்படிக் குளிர்ந்த கண்ணிலிருந்து வந்தவைதான். ஆனால், இந்த முறையில் சுமார் 100 கெல்வின் வரைதான் எளிதாக இறங்கலாம். இன்னும் கீழே போகணும், அதுவும் பெரிய சென்சாரைக் குளிர்விக்கணும் என்றால் தட்டு சமாளிக்காது.

இன்னொரு வழி, ஐஸ் பெட்டி. உறைந்த வாயுவை நிரப்பி அனுப்பிவிடுவது. ஹப்பிள் தொலைநோக்கியில் 1997-ல் பொருத்திய நிக்மோஸ் அகச்சிவப்புக் கேமராவுக்கு உறைந்த நைட்ரஜன் வைத்தனுப்பினார்கள். உள்ளே ஏற்பட்ட ஒரு வெப்பக் கசிவால் 1999 ஜனவரியிலேயே அது தீர்ந்துபோனது. ஜப்பானின் சுசாகு செயற்கைக்கோள் 2005 ஜூலையில் ஏவப்பட்டது. ஒரு மாதத்துக்குள் திரவ ஹீலியம் மொத்தமும் ஆவியாகி, அதன் முக்கியமான எக்ஸ்-ரே கருவி வேலையைத் தொடங்கும் முன்பே வீணானது. நிக்மோஸுக்கு மட்டும் அதிர்ஷ்டம் இருந்தது. 2002 மார்ச்சில் விண்வெளி வீரர்கள் ஷட்டிலில் போய் ஒரு கிரையோகூலர் இயந்திரத்தையே மாட்டிவிட்டு வந்தார்கள், கேமரா மறுபடி கண் திறந்தது. அப்படி ஒரு ‘ஹோம் சர்வீஸ்’ வேறு எந்தச் செயற்கைக்கோளுக்குக் கிடைக்கும்?

எண்ணெய் போட முடியாத மோட்டார்

கூலரின் தத்துவம் ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப் சூடாவதைப் பார்த்திருப்போம். வாயுவை அழுத்தினால் சூடு, விரியவிட்டால் குளிர். மூடிய உலோகக் குழாய்க்குள் ஹீலியத்தை ஒரு முனையில் அழுத்தி, அந்தச் சூட்டை வெளியே தள்ளிவிட்டு, இன்னொரு முனையில் விரியவிட வேண்டும். இதையே விநாடிக்கு 50 தடவை வாக்கில் செய்தால் அந்த முனை குளிர்ந்துகொண்டே போகும். இதுதான் ‘ஸ்டிர்லிங்’ கூலர். நடுவே மெல்லிய கம்பி வலைகளை அடுக்கிய ஒரு பகுதி, போகும் வாயுவின் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு திரும்பி வரும் வாயுவுக்குக் கொடுக்கும்.

வம்பு தொடங்குவது எண்ணெயில். நம் வீட்டு ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸருக்குள் எண்ணெய் உண்டு, அதனால்தான் 10, 15 வருஷம் உழைக்கிறது. இங்கே எண்ணெய் போட்டால் அதன் ஆவி குளிர் முனைக்குப் போய் உறைந்து வலையை அடைத்துவிடும். எண்ணெய் போடாமல் பிஸ்டன் சுவரில் உரசினால் பொடி உதிரும்; அதுவும் அதே வலையில்தான் போய் உட்காரும். ராணுவத்தின் இரவுப்பார்வை கேமராக்களில் உள்ள சின்ன சுழல் கூலர்கள் பெரும்பாலும் இப்படித் தேய்ந்தே ஆயுளை முடிக்கின்றன. அங்கே சில ஆயிரம் மணி நேரத்துக்கு ஒரு முறை கழற்றி மாற்றிக்கொள்வதால் பரவாயில்லை. ஐந்து ஆண்டு என்பது 43,800 மணி நேரம்.

1980-களில் பிரிட்டனின் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகமும் ரூதர்ஃபோர்டு ஆப்பிள்டன் ஆய்வகமும் இதற்கு ஒரு வழி கண்டன. பிஸ்டனைச் சுருள் வெட்டுகள் கொண்ட மெல்லிய வட்டத் தகடுகளில் தொங்கவிட்டார்கள். தகடு முன்னும் பின்னும் வளையும், ஆனால் பக்கவாட்டில் அசையாது. பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே தலைமுடியின் தடிமனில் சின்னப் பங்கு இடைவெளி. எதுவும் எதையும் தொடாது, தொடாததால் தேயாது. 1991-ல் ஏவப்பட்ட இஆர்எஸ்-1, யுஏஆர்எஸ் செயற்கைக்கோள்களின் கருவிகளில் இந்த வகைக் கூலர்கள் பறந்தன. பின்னால் வந்த ‘பல்ஸ் டியூப்’ கூலரில் குளிர் முனைப் பக்கம் அசையும் பாகமே இல்லாமல் செய்துவிட்டார்கள். இன்று நீண்டகாலத் திட்டங்களுக்குப் போகும் கூலர்களில் பெரும்பாலானவை இந்தக் குடும்பத்தின் வாரிசுகள்தான்.

789 கோடி தடவை

விநாடிக்கு 50 முறை என்று வைத்துக்கொண்டால், ஐந்து ஆண்டில் பிஸ்டன் 789 கோடி தடவை போய் வர வேண்டும். இதை எப்படிச் சோதிப்பது?

ஆய்வுக்கூடத்தில் பார்த்தால் சுவாரசியமாக ஒன்றும் இருக்காது. முதலில் ராக்கெட் அதிர்ச்சியைத் தாங்குமா என்று உலுக்கிப் பார்ப்பார்கள். ஹீலியம் கசிகிறதா என்று பார்ப்பார்கள். பிறகு காற்றில்லாத தொட்டிக்குள் கூலரை வைத்து, குளிர் முனையில் சென்சாருக்குப் பதிலாக ஒரு சின்ன ஹீட்டரை ஒட்டி, ஓடவிட்டுவிடுவார்கள். அவ்வளவுதான். நாள், மாதம், வருஷம் என்று ஓடும். கவனிப்பது ஒரே ஒரு எண்: அதே குளிரைப் பிடித்துவைக்க எத்தனை வாட் மின்சாரம் தேவைப்படுகிறது? போன மாதம் 50 வாட், இந்த மாதம் 51 வாட் என்றால் உள்ளே ஏதோ நடக்கிறது. கூலர்கள் பெரும்பாலும் திடீரென்று சாவதில்லை. மெல்ல மெல்லக் கூடுதலாகச் சாப்பிட ஆரம்பிக்கும்.

சீக்கிரமாக முடிக்க வழியில்லையா? சில விஷயங்களுக்கு உண்டு. தகடு முறியுமா என்பதை வேகமாகச் சொல்லிவிடலாம். நல்ல ஸ்டீல் ஒரு கோடி தடவை வளைந்தும் முறியவில்லை என்றால், அதே அளவு வளைவில் பிறகு முறிவது அரிது. ஒரு கோடி தடவை என்பது இங்கே வெறும் இரண்டரை நாள் வேலை. வேண்டுமானால் இன்னும் அதிகமாக வளைத்துப் பார்க்கலாம்.

வாயு அசுத்தமாவதுதான் பொறுமையைச் சோதிக்கும் விஷயம். மோட்டார் சுருளில் உள்ள பசை, பூச்சு இவற்றிலிருந்து ஈரமும் வேறு ஆவிகளும் துளித்துளியாக வெளிவந்து ஹீலியத்தில் கலக்கும், குளிர் முனையில் உறையும். அதனால்தான் பாகங்களை மூடி சீல் வைப்பதற்கு முன் நாள்கணக்கில் சூடேற்றி ஈரத்தை விரட்டுகிறார்கள். மிச்சமிருப்பது எவ்வளவு என்பது காலம் போனால்தான் தெரியும். சூட்டை ஏற்றினால் ஆவி வேகமாக வரும், உண்மைதான். ஆனால், ஓரளவுக்கு மேல் ஏற்றினால் விண்ணில் ஒருபோதும் நடக்காத கோளாறுகளை நாமே உண்டாக்கிவிடுவோம். பிஸ்டனை வேகமாக ஓட்டலாமே என்றால் அதுவும் நடக்காது. ஊஞ்சலுக்கு ஒரு தாளம் இருப்பது போல இதற்கும் ஒரு தாளம் உண்டு. அதை விட்டு விலகினால் இயந்திரமே வேறு மாதிரி நடந்துகொள்ளும். ஆக, ஐந்து ஆண்டைச் சோதிக்க ஐந்து ஆண்டு ஆகும்.

அப்படிச் செய்தாலாவது நிச்சயம் கிடைக்குமா என்றால், கணக்கு கொஞ்சம் கசப்பானது. ஒரே மாதிரி நான்கு கூலர்களை இரண்டு ஆண்டு ஓட்டுகிறோம், ஒன்றுகூட நிற்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். கையில் இருப்பது 8 ‘கூலர்-ஆண்டு’ அனுபவம். பழுது எந்த நேரத்திலும் ஒரே வாய்ப்போடு வரலாம் என்று எடுத்துக்கொண்டால், 90 சதவீத நம்பிக்கையோடு சொல்ல முடிவது ‘சராசரி ஆயுள் குறைந்தது மூன்றரை ஆண்டு’ என்பது மட்டும்தான் (8-ஐ 2.3-ஆல் வகுக்க வேண்டும்). அந்தக் குறைந்தபட்சத்தை நம்பினால், ஒரு கூலர் ஐந்து ஆண்டு தாக்குப்பிடிக்கும் வாய்ப்பு 24 சதவீதம். சோதனையில் எதுவுமே கெடாதபோது இந்த நிலைமை! 100-க்கு 95 கூலர் ஐந்து ஆண்டு ஓடும் என்று அதே நம்பிக்கையோடு சொல்ல, ஏறத்தாழ 224 கூலர்-ஆண்டு வேண்டும். அதாவது 20 கூலர், 11 ஆண்டுக்கு மேல், ஒன்றுகூட நிற்காமல். யாரிடம் அவ்வளவு பணமும் பொறுமையும் இருக்கிறது?

இதனால்தான் இந்தத் துறையில் ‘சோதித்துப் பார்த்தோம், பாஸ்’ என்று யாரும் சொல்வதில்லை. எந்தெந்த வழியில் கெடலாம் என்று எழுதிவைத்து, ஒவ்வொரு வழியையும் வடிவமைப்பிலேயே அடைக்கிறார்கள். அடைத்தது உண்மைதானா என்று பார்க்கவே நீண்ட சோதனை. ஒன்றுக்கு இரண்டாகக் கூலர் வைப்பதும் உண்டு. அதிலும் ஒரு சங்கடம்: ஓடாமல் சும்மா இருக்கும் கூலர் வழியாகவே வெளிச் சூடு உள்ளே கசியும். உதவிக்கு வந்தவர் வாசலைத் திறந்து போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பது போல.

விண்ணில் நடந்தது என்ன?

1999 டிசம்பரில் ஏவப்பட்ட அமெரிக்காவின் டெர்ரா செயற்கைக்கோளில் கனடாவின் மாபிட் என்ற கருவி இருந்தது. 2001 மே 7-ல் அதன் இரண்டு கூலர்களில் ஒன்று நின்றது. பாதி அலைவரிசைகள் போயின. சில மாதம் கழித்து மீதிப் பாதியோடு கருவி வேலையைத் தொடர்ந்தது. அதே செயற்கைக்கோளில் இருந்த ஜப்பானின் ஆஸ்டர் கேமராவில், ஒரு பகுதியின் சென்சாரைப் போதிய குளிரில் வைத்திருக்க முடியாமல், 2008 ஏப்ரலுக்குப் பிறகு அந்தப் படங்கள் பயனற்றுப் போயின.

மறுபக்கமும் உண்டு. 2002 மே மாதம் ஏவிய அக்வா செயற்கைக்கோளில் ஏர்ஸ் என்ற வானிலைக் கருவிக்கு இரண்டு பல்ஸ் டியூப் கூலர்கள். ஒன்று ஓடும், இன்னொன்று காத்திருக்கும் என்பதுதான் திட்டம். ஆனால், செயற்கைக்கோளின் சொந்த ஈரமே குளிர்ந்த பரப்புகளில் பனியாகப் படிந்து சுமையைக் கூட்டியது. சில மாதங்களில் இரண்டையும் சேர்த்தே ஓட்ட முடிவெடுத்தார்கள். ஏர்ஸ் 20 ஆண்டைத் தாண்டியும் தரவு அனுப்பியது. அதே 2002-ல் போன ரெஸ்ஸி என்ற சூரிய ஆய்வு செயற்கைக்கோளில் இருந்தது, வணிகச் சந்தைக்குத் தயாரான வகையைச் சேர்ந்த விலை குறைந்த ஸ்டிர்லிங் கூலர். இரண்டு ஆண்டுத் திட்டம், 2018 வரை நீண்டது.

நம் பத்திரிகைகளில் வரும் ‘சென்னையின் சூடான பகுதிகள்’ வரைபடங்கள் பலவற்றுக்கு ஆதாரமான லேண்ட்சாட்-8 இன்னும் நல்ல உதாரணம். அதன் வெப்ப சென்சார் சுமார் 43 கெல்வினில் இருக்கிறது. மூன்று ஆண்டுக்கு என்று வடிவமைத்து 2013-ல் அனுப்பினார்கள். பத்தாண்டு தாண்டியும் கூலர் ஓடியது. அந்தக் கருவியில் முதலில் மக்கர் பண்ணியது கண்ணாடியின் நிலையை அளக்கும் மின்னணுப் பாகம். எல்லோரும் பயந்த இடம் ஒன்று, கெட்ட இடம் வேறொன்று.

நம்ம ஊர்க் கணக்கு

இந்தியாவுக்கும் இதில் அனுபவம் இல்லாமல் இல்லை. 2019-ல் சென்ற சந்திரயான்-2 ஆர்பிட்டரில் உள்ள அகச்சிவப்பு நிறமாலைக் கருவியின் சென்சாரை ஸ்டிர்லிங் கூலர்தான் 90 கெல்வினுக்குக் குளிர்விக்கிறது. திரிஷ்னாவில் வெப்பக் கேமரா பிரான்ஸின் பொறுப்பு. செயற்கைக்கோள் உடலும், ஒளியில் படம் எடுக்கும் இன்னொரு கேமராவும் நம் பொறுப்பு. கூலரின் ஆயுளுக்கான கவலையும் அந்தப் பக்கமே பெரிதும் போய்விடுகிறது. அடுத்தடுத்த கருவிகளை நாமே செய்யும்போது அந்தக் கவலை நம் தலையில்தான் விழும்.

2025 மார்ச் 17 அன்று, அடையாறை ஒட்டிய சென்னை ஐஐடி வளாகத்தில், திரவ, வெப்ப அறிவியல் ஆராய்ச்சிக்கான ஒரு சிறப்பு மையத்தை இஸ்ரோ தலைவர் வி.நாராயணன் திறந்துவைத்தார். எஸ்.ராமகிருஷ்ணன் பெயரிலான இந்த மையத்துக்கு இஸ்ரோ முதற்கட்டமாக ஒதுக்கியது 1.84 கோடி ரூபாய். விண்கலங்களின் வெப்பக் கட்டுப்பாடு இதன் பணிகளில் ஒன்று. நல்ல தொடக்கம்தான். ஆனால், நீண்ட ஆயுள் சோதனைக்கு இடம் கொடுப்பதாக இருந்தால், நம் ஆராய்ச்சி அமைப்பின் பழக்கங்களோடு அது மோதும். நம் ஆராய்ச்சித் திட்டங்கள் பெரும்பாலும் மூன்றாண்டில் முடிகின்றன. கூலரை ஆன் செய்த ஆய்வு மாணவர் நான்காவது ஆண்டில் டாக்டர் பட்டத்தோடு கிளம்பிவிடுவார். ஓடிக்கொண்டே இருப்பதைத் தவிர வேறெதுவும் செய்யாத இயந்திரத்தைப் பற்றி ஆய்வுக்கட்டுரை எழுதவும் முடியாது.

இதில் சென்னைக்கென்று ஒரு தனித் தலைவலி வேறு. 2016 டிசம்பர் 12-ல் வர்தா வந்தபோது பல பகுதிகளில் நாள்கணக்கில் கரன்ட் இல்லை. அப்படி ஒரு நாளில் சோதனைக் கூலர் நின்றால், அது சூடாகி மறுபடி குளிர்வதே ஒரு தனிச் சோதனை. உள்ளே உறைந்திருந்த அசுத்தம் உருகி இடம் மாறும், அதுவரை எடுத்த வரைபடத்தில் ஒரு ஒடிவு விழும். அதனால் ஜெனரேட்டர், பேட்டரி, ராத்திரி ஆள் என்று எல்லாமே சோதனைச் செலவில் சேரும். கூலர் ஒன்றின் விலையைவிட அதை ஐந்து ஆண்டு கவனித்துக்கொள்ளும் செலவு அதிகமாகிவிடலாம். அந்தச் செலவை நான்காம் ஆண்டிலும், ஐந்தாம் ஆண்டிலும் எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்பதற்கு இஸ்ரோவும் கல்வி நிறுவனங்களும் ஒரு வழி செய்தாக வேண்டும். இப்போதே ஆன் செய்தால்கூட, முதல் ஐந்தாண்டுப் பதில் கைக்கு வர 2030 தாண்டிவிடும்.